சட்டைப் பையில் ஒரு திருகாணி

ஆக்லாந்தில் வெர்னியர் அண்ணையின் சந்தேகத்துக்கு ஆளாகாத தமிழர் யாராவது இருந்தால், அவர் இன்று காலை விமானத்தில் வந்து இறங்கியவராகத்தான் இருக்க வேண்டும். அவரும் மாலைக்குள் மாட்டிக்கொள்வார். டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கினால் அண்ணை போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். கிளென்ஃபீல்ட் மாலில் கறிவேப்பிலைக் கட்டைக் கையில் எடுத்து, "இது கறிவேப்பிலைதானோ?" என்று கடைக்காரப் பெண்ணை விசாரிப்பார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் எல்லோரும் வடையைத் தின்றுகொண்டிருந்தபோது இவர் மட்டும் அதை அளந்துகொண்டிருந்தார். "போன வருசம் இதைவிடத் தடிப்புக் கூட" என்று செயலாளரிடம் போய்ச் சொன்னார். செயலாளர் அன்றிலிருந்து அவரைக் கண்டால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவார்.

அளப்பதற்கு அவரிடம் எப்போதும் கருவி இருந்தது. பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு வெர்னியர் காலிப்பரை வைத்து, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் எங்கும் போவார். அதனால்தான் அந்தப் பெயர். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று அவர் மனைவி பிலோ அக்காவுக்கு மட்டும் தெரியும்.

கால்சட்டைப் பையில் வெர்னியர் என்றால், சட்டைப் பையில் திருகாணி. எந்த வேலையில் கை வைத்திருக்கிறாரோ அந்த வேலையின் திருகாணிகளை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகவே மாட்டார். கழிவறைக்குப் போனாலும் அவையும் கூடப் போகும். "விட்டுட்டுப் போனால் திரும்பி வரேக்க அது அங்கேயே இருக்கும் எண்டு என்ன நிச்சயம்?" என்பார். பிலோ அக்காவின் வாஷிங் மெஷின் சுற்றும்போது வரும் சத்தத்தை வைத்தே, உள்ளே என்ன அளவுத் திருகாணி ஓடுகிறது என்று அக்கா சொல்லிவிடுவார்.

லின்ஃபீல்டில் அவர் வீட்டின் கீழ்ப்பகுதிக்கு நானும் என் மனைவி சுமதியும் குடிபோனோம். வாடகைக்கு வீடு கேட்கப் போன அன்று எனக்கு நடந்த நேர்முகத்தேர்வு, வேலைக்குக்கூட நடந்ததில்லை.

"தம்பி என்ன வேலை?"

"ஐ.டி.ண்ணே."

"அது எல்லாரும் சொல்லுறது. என்ன வேலை எண்டு கேட்டனான்."

"மத்தவங்க எழுதின ப்ரோகிராம்ல எங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கிற வேலைண்ணே. டெஸ்டிங்."

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அப்ப நீரும் ஒருத்தரையும் நம்பாத ஆள்" என்றார். வீடு கிடைத்துவிட்டது. ஆனால் நம்பாத ஆள் என்பதாலேயே என்னையும் நம்பவில்லை. நாங்கள் ஹீட்டரைப் போட்டால் மாடியில் நடந்து வந்து மீட்டரைப் பார்ப்பது காலடிச் சத்தத்திலேயே தெரியும். சுமதி முதன்முதலில் தோசை கொடுத்தனுப்பியபோது, தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர், "தங்கச்சி, தோசை நல்லது. ஆனா நடுவில ஒரு தடிப்பு, ஓரத்தில ஒரு தடிப்பு" என்று குறை சொல்லிவிட்டுப் போனார். சுமதி அதற்கப்புறம் ஒரு மாதம் மாடிக்குத் தோசை அனுப்பவில்லை.

சந்தேகம் என்பது தொற்று நோய் போலிருக்கிறது. கொஞ்ச நாளில் நாங்கள் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தோம். காரணம் அவருடைய கராஜ். கார் வெளியே மழையில் நிற்கும். கராஜுக்குள் அவர் இருப்பார். ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து அரத்தால் எதையோ ராவும் சத்தம் கேட்கும். சின்னதாக, ஆனால் கனமாக, பார்சல்கள் வரும். வாசலிலேயே பிரித்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, யாரையோ திட்டிவிட்டு, மறுபடி ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

"என்னங்க, தங்கம் உருக்குறாரோ?" என்றாள் சுமதி.

"தங்கம் உருக்குறவர் எதுக்கு மழையில கார் நிறுத்தப் போறாரு? நமக்கெதுக்கு" என்றேன். எங்கள் ரெசிடென்ஸ் விசா விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. அந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் என் பதில் 'நமக்கெதுக்கு' என்பதுதான்.

ஒருநாள் துணி காயப்போடப் போனவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கராஜ் கதவு பாதி தூக்கியிருந்ததாம். "என்னங்க, துப்பாக்கிங்க! நிஜத் துப்பாக்கி! ரெண்டு துண்டா இருக்கு!"

என் கண்முன் விசா, போலீஸ், திருச்சி விமான நிலையம் எல்லாம் அந்த வரிசையிலேயே வந்து போயின. அன்றே பிலோ அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஓம் தம்பி, துவக்குத்தான்" என்றார் அக்கா, மீன் விலை சொல்வது போல. "லைசன்ஸ் இருக்கு, பெட்டகம் இருக்கு, எல்லாம் முறையாத்தான். என்னைப் பாத்ததைவிட அதைத்தான் இந்த மனுசன் கூடப் பாத்திருக்கும்."

அக்கா விஷயத்தை மேலே சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை கதவைத் தட்டினார் வெர்னியர். "இஞ்ச வாரும். வந்து நேர பாரும். ஒளிச்சு நிண்டு பாக்கிற ஆக்களிலதான் எனக்குப் பயம்."

போனேன். மேசையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் பிடித்திருந்தது ஒரு கறுத்த எஃகுத் துண்டு. அதற்குப் பெயர் ரிசீவர் என்றார். துப்பாக்கியின் குழல், குண்டு தள்ளும் தண்டு, விசை, மரப்பிடி எல்லாம் வந்து சேர்கிற நடு எலும்பு அதுதானாம். அவருடைய அப்பா காலத்தில் ஏதோ ஒரு ராணுவத்துக்காகச் செய்த ரைஃபிள். கூட வேலை செய்த ஒரு நியூசிலாந்துக்காரர் ஓய்வுபெற்றபோது இவருக்கு விற்றாராம். அதன் தலையில் ஒரு தொலைநோக்கி மாட்ட வேண்டும் என்பதுதான் வெர்னியருடைய லட்சியம். தொலைநோக்கி உட்காருவதற்குக் கடையில் ஒரு தகடு கிடைக்கிறது. எல்லோருக்கும் பொருந்துகிற ஸ்டாண்டர்ட் தகடு. இந்த ரிசீவருக்கு மட்டும் பொருந்தவில்லை.

"ஏன்?"

"முந்தி வைச்சிருந்தவன் ஆரோ கண்ட இடத்தில ஓட்டை போட்டிருக்கிறான். ஒண்டு கிழக்க பாக்குது, மற்றது கடற்கரைப் பக்கம் பாக்குது. நான் அதையெல்லாம் அடைச்சு, ராவி, நேராப் புது ஓட்டை போட்டனான். இப்ப என்ர வேலை நேர். உந்தத் தகடுதான் கோணல்."

தகட்டை வைத்துக் காட்டினார். ஆட்டம் இருந்தது என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரு தலைமுடி அளவு இருக்கலாம். அந்தத் தலைமுடிக்காக அவர் தகடு விற்ற கடைக்காரரோடு ஆறு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டாண்டர்ட் என்று பெட்டியில் அச்சடித்தவன் பொய்யன். அனுப்பிய தபால்காரன் வளைத்திருப்பான். பொதி கட்டியவனுக்குக் கை நடுக்கம். தகடு போகும், வேறு தகடு வரும், அதுவும் கோணலாக இருக்கும்.

"வேட்டைக்குப் போவீங்களாண்ணே?"

"இல்லை, இல்லை. கிளப்பில கடதாசியைத்தான் சுடுறது. காட்டுக்குப் போனால் கூட வாற ஆக்களின்ர கையிலயும் துவக்கு இருக்குமல்லோ?"

அந்தத் தகட்டுக்குரிய குட்டித் திருகாணிகளும் சட்டைப் பைக்குள்தான் குடியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் காணிக்கைத் தட்டு வந்தபோது பையிலிருந்த சில்லறையை அள்ளிப் போட்டார். வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தால் ஒரு திருகாணி குறைகிறது. உடனே காரைத் திருப்பிக்கொண்டு போய், காணிக்கை எண்ணுகிறவர்கள் முன்னால் நின்றுவிட்டார். ஃபாதர் பொறுமையாகத் திருகாணியை எடுத்துக் கொடுத்தார். இவர் வெர்னியரை வெளியே எடுத்து அதை அளந்தாராம். "இது என்ர திருகாணிதானோ எண்டு பார்க்க வேணாமோ ஃபாதர்?" என்றாராம். வேறு யார் காணிக்கையாகத் திருகாணி போட்டிருப்பார்கள் என்று அந்த மனிதர் யோசிக்கவே இல்லை.

இப்படியிருந்தவருக்குத்தான் லைசன்ஸைப் புதுப்பிக்கிற காலம் வந்தது. இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க உங்கள் பேச்சு மட்டும் போதாது. உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரைப் போலீஸ் தரப்பிலிருந்து வந்து விசாரிப்பார்கள். ஒருவர் குடும்பத்து ஆள். அது பிலோ அக்கா. இன்னொருவர் உறவினராக இருக்கக் கூடாது. 'இவரிடம் துப்பாக்கி இருக்கலாம், இவர் நல்லவர்' என்று வாயால் சொல்ல ஒரு வெளியாள் வேண்டும். இல்லாவிட்டால் லைசன்ஸ் போய்விடும். ராவி ராவி உருவாக்கிய அந்த ரைஃபிளை யாருக்காவது கொடுத்துவிட்டு, கராஜைக் காருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

வெளியாள் யார்? சங்கத்துச் செயலாளர் வடைக்குப் பிறகு பேசுவதில்லை. காணிக்கை எண்ணுகிறவர்கள் அவர் வந்தால் தட்டை மூடிக்கொள்கிறார்கள். கிளப்பில் பக்கத்தில் நின்று சுடுகிறவரிடம், "நீர் சுட்ட ஓட்டையோ, இல்லை பென்சிலால குத்தினதோ?" என்று கேட்டு வைத்திருந்தார். தமிழ்ப் பள்ளி ஆசிரியர், மெக்கானிக், பல் வைத்தியர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்றை அளந்திருந்தார்.

கடைசியில் என்னிடம் வந்தார். வாசலிலேயே நின்றார். எதிரே பார்க்காமல் எங்கள் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, உம்மை நம்பலாமோ எண்டு எனக்கு இன்னும் வடிவாத் தெரியேல்லை. ஆனா வேற ஆக்கள் இல்லை."

உதவி கேட்கிற லட்சணம் இது. எனக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும். விசா நிலுவையில் இருக்கிறபோது என் பெயரைக் கொண்டுபோய்த் துப்பாக்கிப் பேப்பரில் போடுவதா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. உலகத்தில் எல்லோரும் தப்பு, தான் மட்டும் நேர் என்று நினைக்கிற மனிதர் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

"அந்தப் போலீஸ் விசாரணையெல்லாம் உங்களுக்குக் கஷ்டமா இல்லையாண்ணே?" என்று பேச்சை மாற்றினேன்.

"எங்கட ஊரில துவக்கு வைச்சிருந்தவை எல்லாரும் எங்களை விசாரிச்சவை. இஞ்ச துவக்கு வைச்சிருக்கிற என்னை மற்றவை விசாரிக்கினம். இதுதானே தம்பி சரியான முறை."

"பாக்கலாம்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். போகும்போது கீலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. நம்மவர்கள் ஆயுத பூஜைக்கு என்ன வைக்கிறோம்? என் லேப்டாப், கார் சாவி, சுமதியின் காய்கறிக் கத்தி, மிக்ஸி. சுமதி வரிசையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, மேல நிஜ ஆயுதமே இருக்கு. நாம மிக்ஸிக்குப் பொட்டு வச்சுக்கிட்டு இருக்கோம்" என்றாள். நான் தடுப்பதற்குள் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்துவிட்டாள். "அண்ணா, இன்னிக்கு ஆயுத பூஜை. உங்க டூல்ஸ் ஏதாவது கொண்டாங்களேன், வச்சுட்டுத் தரேன்!"

வேறு நாளாக இருந்தால் அவர் கதவைத் திறந்திருக்க மாட்டார். ஆனால் என் 'பாக்கலாம்' இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய கைலியில் சுற்றிய பொதியோடு இறங்கி வந்தார். அரம், ஸ்க்ரூ டிரைவர், அந்தத் தகடு, அப்புறம் அந்த வெறும் ரிசீவர். மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்கினார். திருகாணிகள் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. அவரும் அங்கிருந்து நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, படத்திலிருக்கும் சரஸ்வதியையே கண்காணிப்பது போல நின்றார்.

சுமதிக்கு நிஜ ஆயுதம் கிடைத்த உற்சாகம். மிக்ஸிக்கு ஒரு பொட்டு என்றால் ரிசீவருக்கு முதுகு முழுக்கச் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம்.

"யேசுவே! தங்கச்சி, அது துருப்பிடிக்கும்!" என்று பாய்ந்தார்.

"தீபாராதனை முடியாம எடுக்கக் கூடாதுண்ணா" என்றாள் சுமதி. அவர் அப்படியே நின்றுவிட்டார். கற்பூரம் எரிந்த நேரம் முழுவதும் அவருக்கு உள்ளே எரிந்தது முகத்தில் தெரிந்தது.

முடிந்ததும் அள்ளி எடுத்தார். ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் தகடு. சந்தனம் உள்ளே ஏறிக் காரியம் கெட்டுவிட்டதா என்று பார்க்க, அங்கேயே கைலியால் துடைத்து, மெல்லிய குங்குமப் பூச்சு மட்டும் மிஞ்சிய ரிசீவர் மேல் தகட்டை வைத்து அழுத்தினார். வழக்கம் போல ஆடியது. கையிலெடுத்துத் தகட்டைத் திருப்பினார்.

அடியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் குங்குமம் ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம். முதுகு முழுக்கக் குங்குமம் பூசியும், ஒரே ஒரு புள்ளிதான் தகட்டைத் தொட்டிருக்கிறது. அந்தப் புள்ளிக்கு நேரே ரிசீவரில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கிழக்கே பார்த்த ஓட்டையை அவரே அடைத்து, அவரே ராவிய இடம். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு. தகடு அந்த மேட்டின்மேல் உட்கார்ந்துதான் இத்தனை நாளும் ஆடியிருக்கிறது.

"இதைக் கண்டுபிடிக்க ஒரு நீலச் சாயம் இருக்கு" என்றார் மெதுவாக. "தொழிற்சாலையில தினமும் பூசிப் பாக்கிறனான். கடைக்காரன்ர தகட்டுக்கெல்லாம் பூசிப் பாத்தனான். இதுக்கு மட்டும் பூசேல்லை."

"ஏண்ணா?" என்றாள் சுமதி.

"இது நான் செய்ததல்லோ."

சுமதி சுண்டலை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அளக்கவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "தங்கச்சி, உந்தக் குங்குமம் எந்தக் கடையில வாங்கினது? நல்ல குங்குமந்தானோ?" என்று கேட்டார். பழைய குணம் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா?

ஆனால் திங்கட்கிழமை வேலைக்கு அரை நாள் லீவு போட்டார். தகடு விற்ற கடைக்கு நேரிலேயே போய், "பிழை என்னுடையது" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் முதலில் நம்பவில்லையாம். ஆறு மாதம் திட்டு வாங்கியவர் எப்படி நம்புவார்? இதைப் பிலோ அக்கா எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன் தப்பைக் கடை தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்த மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று மாலை மாடியேறிப் போய், "என் பேரைக் குடுங்கண்ணே" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

விசாரிக்க ஓர் அம்மா வந்தார். எங்கள் சோபாவில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். கோபக்காரரா? குடிப்பாரா? வீட்டில் சண்டை உண்டா? மாடியில் காலடிச் சத்தம் சரியாக எங்கள் சோபாவுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. கடைசியாக அந்த அம்மா, இவரிடம் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்குக் கவலை ஏதும் உண்டா என்றார்.

"ஆரம்பத்துல இருந்ததுங்க" என்று உண்மையைச் சொன்னேன். "அவர் உலகத்துல எல்லாரையும் சந்தேகப்படுவார். தன்னை மட்டும் சந்தேகப்பட மாட்டார். அதுதான் எனக்குப் பயம். போன மாசத்துலேருந்து தன்னையும் சந்தேகப்படுறார். இனிமே அவரைவிடப் பத்திரமான கை ஆக்லாந்துல கிடையாது." இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

அந்த அம்மாவின் கார் கிளம்புமுன் வெர்னியர் கீழே இருந்தார். "என்ன கதைச்சனீர்?"

"உண்மையச் சொன்னேன்ணே."

"எந்த உண்மை?"

லைசன்ஸ் வந்தது. அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். நான் பார்த்து முடித்ததும் அதன் தடிப்பை ஒரு தரம் அளந்துவிட்டுப் பர்ஸுக்குள் வைத்தார். அந்த மேட்டை ராவி எடுத்தபின் ஸ்டாண்டர்ட் தகடு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கிளப்பில் கடதாசியின் நடுவில் ஓட்டை விழுந்ததாம். பக்கத்தில் நின்றவர் பென்சில் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நல்ல மனிதர்.

எங்களுக்கும் விசா வந்தது. கொஞ்ச வருடங்களில் மார்ட்கேஜ் வாங்கிக்கொண்டு பக்குரங்காவில் ஒரு சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வெர்னியர் அண்ணையும் பிலோ அக்காவும் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வருவார்கள். துப்பாக்கியைக் கொண்டுவருவதில்லை, அது பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. அப்போது எந்த வேலையில் கை வைத்திருக்கிறாரோ, அதன் திருகாணி ஒன்று மட்டும் சட்டைப் பையில் வரும். மிக்ஸிக்குப் பக்கத்தில் அதை வைப்பார். சுமதி ஒரு கடுகளவு குங்குமம் வைப்பாள். குங்குமம் எந்தக் கடை என்று இன்றும் கேட்பார். வீட்டில் கதவுக் கீல், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துக் குறை சொல்வார்.

அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டதும், திருகாணியை அங்கேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.